மேல் வரிசைக்கு மட்டும் தண்ணீர்

அண்ணா,

நேற்று நீ சொன்னபடி பால்கனிச் சுவரிலுள்ள செடிப் பைகளைக் கழற்றி எறிந்துவிடாதே. தப்பு என்னுடையது.

மேல் வரிசைப் புதினா காய்ந்ததற்கு நேற்று உன்னைத் திட்டினேன். "ஆமா, என் மூஞ்சியப் பாத்துதான் செடி வாடுது" என்று கதவைச் சாத்திக்கொண்டாய். காலையில் ஒவ்வொரு பையிலும் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே ஊற்றும் தண்ணீரெல்லாம் கீழே இறங்கிவிடுகிறது. ஈரம் கேட்கும் புதினாவை மேலேயும், ஈரம் ஆகாத கற்பூரவல்லியை அடியிலும் வைத்தவள் நான்தான். அது அழுகத் தொடங்கியிருந்தது. அழுகிய தண்டைக் கிள்ளிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றி நட்டுவிட்டேன். பிழைத்துவிடும், எனக்குச் சந்தேகமே இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

ஆறு மணிக்கு மேல் வரிசையில் மட்டும் பைக்கு ஒரு குவளை ஊற்று. கீழ்வீட்டு அக்கா புதினா கேட்டு வந்தால், "அடுத்த மாசம் தர்றோம்" என்று தைரியமாகச் சொல். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். வகுப்பு முடிந்து எட்டரைக்கு வருவேன்.

பி.கு.: என் டைரியில் மூன்று நாள் "அண்ணன் தண்ணீர் ஊற்றவில்லை" என்று எழுதியிருந்தேன். மூன்றையும் அடித்து "ஊற்றினான்" என்று திருத்திவிட்டேன். பேனாவால்.