நீல மையிலேயே எழுதுங்கள்

மட்டாஞ்சேரி,
5 ஜூன் 2025

வசந்திக்குட்டிக்கு,

நான் நலம். உன் நலத்தைத் தூத்துக்குடி வெயிலிடம்தான் கேட்கவேண்டும். போனில் சண்டை போடுகிற அவசரத்தில் நீ சொல்வதே இல்லை. பெரிய விஷயங்களை இனிமேல் கடிதத்தில்தான் பேசவேண்டும் என்று விதித்துவிட்டாய். சரி. ஆனால் இந்தப் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி அழுத்தி ஒரு பக்கம் முடிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. கிடங்கில் இஞ்சி மூட்டைக்குச் சீட்டு எழுதுவதோடு சரி, என் எழுத்தெல்லாம்.

அதனால் ஒரு மைப்பேனா வாங்கலாமென்று பிராட்வேயில் யூசுப் இக்காவின் கடைக்கு மூன்று முறை போய்விட்டேன். விலை குறைந்ததில் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் நிப் மெல்லியது, கொஞ்சம் கீறுகிறது. மற்றது வழுவழுவென்று ஓடுகிறது, ஆனால் மை நிறைய இறங்குகிறது. "மோனே, ஏதெங்கிலும் ஒண்ணு எடு. எழுதாம வெச்சாத்தான் பேனா கேடாகும்" என்கிறார் இக்கா. எதை எடுக்கட்டும்? நீ சொன்னால் எடுத்துவிடுவேன்.

உன்
மாரிச்செல்வம்


தூத்துக்குடி,
12 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

மூன்று முறை போயும் வாங்கவில்லையா! சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. அங்கே வில்லிங்டன் தீவில் என் ஆபீஸை மூடியபோது, "தூத்துக்குடியில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். ஒன்றரை வருஷமாக எதற்கும் அதே பதில். போகாதே என்று ஒருமுறை சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டேன், அத்தான்.

இப்போது மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஜூலை முதல் தேதி போடவேண்டும். நான் திரும்பி வரவா, வேண்டாமா? நீங்கள் எழுதுங்கள். 'உன் இஷ்டம்' மட்டும் வேண்டாம். இதைப் போனில் நானும் கேட்கமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. கடிதம் வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

வழுவழுப்பானதையே வாங்குங்கள். நீல மையிலேயே எழுதுங்கள். கறுப்பு என்றால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும்.

ஜன்னலைத் திறந்தால் இஞ்சி வாசனை வராதது எனக்கு இன்னும் பழகவில்லை.

வசந்தி


தூத்துக்குடி,
3 ஜூலை 2025

அத்தானுக்கு,

முப்பதாம் தேதி தபால்காரர் போனபிறகும் ஹாஸ்டல் வாசலிலேயே நின்றிருந்தேன். "யாருக்காகப் பிள்ள இப்படி நிக்க? உள்ள வா" என்றார் வார்டன் அங்கம்மாள் அக்கா. போனேன். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதாததையே பதிலாக எடுத்துக்கொண்டேன். பேனா வாங்கினீர்களோ என்னவோ. வாங்கியிருந்தால் தினமும் எதையாவது எழுதுங்கள், காய்ந்துபோக விடாதீர்கள்.

அழுகை வருகிறது. நிறுத்துகிறேன்.

வசந்தி


தூத்துக்குடி, உன் ஆபீஸ் வாசல்,
11 ஜூலை 2025

வசந்தி,

பேனா வாங்கினேன். உன் கடிதம் கிடைத்த அன்றே. வழுவழுப்பானது, நீல மை. அன்றே பதிலும் எழுதினேன். அழகாக இருக்கட்டுமென்று உறையின் மேல் முகவரியையும் அதே பேனாவில் நிறுத்தி நிறுத்தி எழுதித் தபாலில் சேர்த்தேன். நம் ஊர் ஜூன் மழை உனக்குத் தெரியும்.

நீயும் வரவில்லை, பதிலும் வரவில்லை. உனக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்தது, கூடவே அந்த உறையும் திரும்பி வந்தது. உன் பெயரும் ஊரும் வெறும் நீலக் கறை. பின்பக்கம் செல்லோடேப்புக்கு அடியில் இருந்த என் முகவரி மட்டும் பிழைத்திருக்கிறது. யூசுப் இக்கா தலையில் அடித்துக்கொண்டார். "மழைக்காலத்துல கவர்மேல மைப்பேனாவா? எந்தா மோனே!"

அந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது 'வந்துவிடு' என்ற ஒரே வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு மூன்று பக்கம் ஆனது.

போட்ட கையெழுத்தை அழிக்கச் சொல்லமாட்டேன். இங்கே துறைமுகத்திலும் கிடங்குகள் இருக்கின்றன. நான் வரட்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. மட்டாஞ்சேரிக் கிடங்கில் சொல்லி, வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை, வசந்தி.

இந்த உறைமேல் முகவரி கிடையாது. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு இங்கேயே இருப்பேன். சாயா கேட்டேன், சிரிக்கிறார்கள். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம் என்று பழக்கதோஷத்தில் எழுதப்போனேன். எழுதவில்லை.

வெளியே வா.

உன்
மாரிச்செல்வம்