மின்விசிறி இரைச்சலுக்குள்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

இப்போதெல்லாம் என் கையில் கேமரா நடுங்குவதில்லை. "முன்னாடி உங்க படத்தைப் பாத்தா தலை சுத்தும்க்கா," என்று கூடப் படிக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள்.

எடிட்டிங் பயிற்சிக்காக, மருத்துவமனையில் அப்பாவை நான் எடுத்த பழைய வீடியோவைப் போட்டேன். அதில் அவர் கடைசியாகக் கையசைத்து விடைகொடுத்தார் என்றுதானே எல்லோரிடமும் சொல்லிவந்தேன்? மின்விசிறி இரைச்சலை நீக்கியதும் அவர் குரல் கேட்டது: "படம் எடுத்தது போதும்மா, பக்கத்துல வந்து உக்காரு." அத்துடன் வீடியோ முடிகிறது. பலமுறை கேட்டுவிட்டேன்.

கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடுகிறேன். பழைய கம்பளிச் சால்வையை அனுப்பு. நீயும் அந்த அறையில்தானே இருந்தாய், நான் போய் உட்கார்ந்தேனா? எனக்கு நினைவில்லை. உள்ளதை உள்ளபடி எழுது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்