எலியைத் தாண்டாத பாசி ஜெல்

இயேசு மரி சூசை துணை

முட்டம்

மகள் சிந்தியாவுக்கு,

உன் சுகம் விசாரிக்க மனசில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன், சுகமா? வளர்த்த சித்தப்பன் முகத்தில் கரி பூசியவளுக்குச் சுகத்துக்கு என்ன குறை. உன் தங்கச்சி ஜாஸ்மிக்குக் கழுத்தில் புற்றுக்கட்டி, கீமோ ஏற்றினால் கருமுட்டை கருகிப்போகலாம், முன்னாலேயே முட்டைப்பையில் ஒரு துண்டு எடுத்து உறைய வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம் என்று தள்ளிவைத்தது நான்தான். யாரை நம்பி? உன்னை நம்பி. முட்டத்துப் பாறையில் கிடக்கிற மாதிரிப் பாசியில் என் மூத்த மகள் சிந்தியா வெளிநாட்டில் ஜெல் காய்ச்சுகிறாள், அதில் முட்டை மெத்தையில் கிடப்பதுபோல் கிடந்து வளரும், அந்த ஊர் மந்திரியே அவள் லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார் என்று ஜாஸ்மிக்கு நிச்சயித்த மாப்பிள்ளை லிபினின் அப்பா டைட்டஸிடம் சொல்லியிருந்தேன். மந்திரி வராவிட்டால் அது மந்திரியின் குறை.

நீ என்ன செய்தாய்? டைட்டஸ் நம்ம வீட்டில் சாயா குடிக்கும்போது ஜாஸ்மியைப் போனில் கூப்பிட்டு, சித்தப்பா சொல்வது புளுகு, ஜெல்லை எலியில்தான் சோதித்திருக்கிறோம், இன்னும் எலியைத் தாண்டவில்லை, துண்டை எடுத்து வைக்காவிட்டால் எந்த ஜெல்லாலும் பிரயோசனமில்லை, இன்றைக்கே போ ஏட்டி என்று ஸ்பீக்கரில் கத்தினாய். ஏன் வே, எம் மவன் எலியையா கெட்டப் போறான் என்று கேட்டான் டைட்டஸ். மறுநாள் மீன் ஏலத்தில் எனக்கு எலி இஞ்ஞாசி என்று பேர். ஜாஸ்மியும் விடவில்லை. ஒங்க வாயால எனக்குப் பிள்ளை பெத்துக்கிட முடியாதுப்பா என்று சொல்லிவிட்டு லிபினோடு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நகக்கண் அளவு துண்டு எடுத்து உறைய வைத்தாயிற்று. கல்யாணத்துக்குத் தடை உண்டா என்று கோயிலில் கேட்கிற இரண்டாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று டைட்டஸ் சாமியாரிடம் போனான், நீங்க வாசியுங்க சாமி, கெட்டுறது நான்தானே என்றான் லிபின். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தார்கள். தடை சொல்ல ஒருத்தன் எழும்பவில்லை, நான் முறைத்த முறைப்பு அப்படி.

திங்கள்கிழமை கீமோ தொடக்கம். குளிரில் காதை மூடிக்கொள். சித்தி வேளாங்கண்ணியிடம் பேசு, என்னிடம் பேசாதே. டைட்டஸிடம் சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் திரும்ப வாங்கப் போவதில்லை. என்னைப் புளுகன் ஆக்கினவள் நீ, அந்தப் பேரைத் துடைக்க வேண்டியவளும் நீதான். ஜாஸ்மி கீமோ முடிந்து எழும்பி வருவதற்குள் எலியைத் தாண்டு.

கர்த்தர் உன் கையை ஆசீர்வதிக்கட்டும். கோபம் அப்படியே இருக்கிறது.

உன் சித்தப்பா
இஞ்ஞாசி