கீதாவுக்கு வந்த கடைசி மெயில்

செவ்வாய், ஜூலை 8

என்னோடு வேலை பார்க்கும் கீதா விட்டுப் பிரிந்து வந்த புருஷன் இன்று சாயந்திரம் மேட்டுப்பாளையத்தில் எங்கள் கம்பெனி கேட்டிலேயே அவளைக் கத்தியால் வெட்டினான். தடுத்த கையில் எலும்பு தெரிந்தது. நான் ஹெல்மெட்டால் அவன் முகத்தில் அடித்தேன். அவன் விழுந்த பிறகும், பல் உடைந்த பிறகும் அடித்தேன். "வுடு சார், செத்துடப் போறான்" என்று வாட்ச்மேன்தான் இழுத்துப் பிடித்தார்.

அவன் மெயில்கள் கீதாவின் கண்ணில் படாமல் ஸ்பேம் ஃபில்டர் போட்டுக் கொடுத்தவன் நான். "நீங்க மட்டும் படிங்கண்ணா, மிரட்டுனா சொல்லுங்க" என்றிருந்தாள். அதன் பெட்டியில் சிக்கியதை எல்லாம் தினமும் காலையில் படித்துவிடுவேன். போன மாதம் மேனேஜர் அதற்கு முன்னால் இன்னொரு ஃபில்டரைப் போடச் சொன்னார். சிக்குவதை அது தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும். அதன்பின் பழைய பெட்டி காலியாகவே இருந்தது. அவன் அடங்கிவிட்டான் என்று நினைத்தேன், முட்டாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது கீதா கேட்டாள்: "அவன் முன்னாடியே எதுனா எழுதியிருந்தானாண்ணா?"

"இல்லம்மா."

"ஆமா, எழுதியிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

வீட்டுக்கு வந்துதான் புதுப் பெட்டியைத் திறந்தேன். அவனுடைய மெயில்கள் இருபத்தாறு. கடைசி மெயில் இன்று காலை ஒன்பது மணிக்கு வந்திருக்கிறது. "சாயந்திரம் கேட்டுல நிப்பேன். கத்தியோட."

சட்டையில் அவள் ரத்தமும் அவன் ரத்தமும் காய்ந்து கிடக்கின்றன. என் "இல்லம்மா"வை நம்பிவிட்ட கீதா இனி என்னிடம் இதைக் கேட்கவே மாட்டாள்.