காதர் மேடம்

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். காட்டுப்பாக்கம் முனையில் ஆபீஸ் கேப் எனக்காகப் பத்து நிமிடம் காத்திருந்தது. நானும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் குமார் அண்ணன் புதுசு. "காதர்னு ஒர்த்தர் வரணும் மேடம், இன்னும் வர்ல." நான்தான் என்றேன். "இன்னா மேடம், ஆம்பள பேரு போட்டுகீது?"

டிரிப் ஷீட்டில் கடைசிப் பெயர் மட்டும்தான் வரும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அத்தா பெயர்தான் இனிஷியல். பாஸ்போர்ட்டில் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அதை விரித்து எழுதினோம். ஹசீனா காதர். அன்றிலிருந்து வெளிநாட்டு கிளையண்டுக்கும் நான் காதர்தான். போதும்டா சாமி.

ஜூலை 9, புதன்
எச்.ஆர். மெயில். பெயரில் திருத்தம் இருந்தால் வெள்ளிக்குள். கல்யாணமானவர்கள் கணவர் பெயர் போடலாமாம்.

வீட்டுக்காரர் ஜாபரிடம் கேட்டேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "நிக்காஹ் ஆனா பேரு மாறணும்னு நம்மள்ல எங்க இருக்கு? என் பேரு என்கிட்டயே இருக்கட்டும்." தங்கமான மனுஷன்.

வேறு வழிகள்:
ராவுத்தர்: எங்கள் சமூகப் பட்டம். குதிரை வீரர் என்று அர்த்தம். எனக்கு ஸ்கூட்டியே தள்ளாடும்.
பேகம்: சீமாட்டி. அப்புறம் பாத்திரம் யார் கழுவுவது?
ஹசீனா: அழகி. இரண்டு கட்டத்திலும் இதையே போட்டால் அழகி அழகி. மறுப்பவர் யார்?

ஜூலை 11, வெள்ளி
மாற்றியாச்சு. ஹசீனா ஹசீனா. தயிர், கொத்தமல்லி வாங்க வேண்டும்.

ஆவடி ஃபேக்டரியில் ராணுவ டாங்கி செய்தவர் அத்தா. "குதிரை போச்சு, டாங்கி வந்துச்சு. ராவுத்தர்னா சும்மாவா?" என்பார். மௌத்தாகி, அடக்கம் செய்து எட்டு மாதம். ராவுத்தர் என்று எழுதும்போதே அவர் சிரிப்பு கேட்டது.

ஜூலை 14, திங்கள்
தூறல். ஷீட்டில் புதுப் பெயர். ஏறியதும் குமார் அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், காதர் பாயக் காணோம்? போய்ட்டாரா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வானகரம் வரை ஜன்னல் பக்கமே முகம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எச்.ஆருக்கு மெயில்: பழைய பெயரே வேண்டும். வெள்ளியோடு முடிந்தது என்பார்கள். சொல்லட்டும், நேரே போய் உட்கார்ந்துவிடுவேன்.

இறங்கும்போது சொன்னேன்: "போகலண்ணே. நாளைக்கு வருவார். நின்னு ஏத்திக்குங்க."