நீ ஓடவிடாத கடைசிப் பத்து நிமிடம்

அப்பா, என் செல்ல அப்பா,

இப்படி ஆசையாகக் கூப்பிட்டதால் கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பார்த்தேன். உலகம் அழிந்த பிறகு ஒருத்தன் தண்ணீர் லாரி ஓட்டுவானே, அந்தப் படம். நீ ஸ்கூட்டர் சரிபண்ணிக் கொடுத்த ஒரு முசே, அந்தப் பிரெஞ்சு பென்ஷன்காரர், பாரிசிலிருந்து மகன் கொண்டுவந்த டிஸ்க் என்று உனக்குக் கொடுத்தார். படம் முழுக்க பிரெஞ்சு. உனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ழூரும் மெர்சியும்தான். ஆனாலும் எட்டு வயதான என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் சொன்னாய்.

"இன்னா சொல்றான் தெரியுமா? பாப்பா, கெட்டியா புடிச்சுக்கோ, பள்ளம் வருதுன்றான்." வில்லன் கத்தினால், "நம்ம மூலக்குளத்துல பஞ்சர் ஒட்ட ஆள் கெடைக்கலியாம், அழுவுறான்" என்பாய். பழைய இரும்பை வெட்டி ஒட்டிய வண்டிகள் வந்தால் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய் டிவியில் விரல் வைத்துக் காட்டுவாய். மெக்கானிக் புத்தி.

லாரிக்காரன் கூடவே வரும் சின்னப் பெண்ணை, அவன் மகள் என்று நீ சொன்னவளை, ஒரு பெரிய இரும்புக் கதவு முன்னால் இறக்கிவிடும் இடம் வந்ததும் ரிமோட்டை எடுப்பாய். "டிஸ்க்குல கீறல். இதுக்கு மேல ஓடாது. அவன் தண்ணி எடுத்துனு வந்துடுவான், பொண்ணு காத்துனு இருக்கும். அவ்ளோதான் படம்." பத்துத் தடவையாவது பார்த்திருப்போம். பத்துத் தடவையும் அவன் திரும்பி வந்தான்.

இப்போது அது போனில் தமிழில் வந்திருக்கிறது. வாரமெல்லாம் தையல் கடையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறேன், ஞாயிறு மட்டும்தான் லீவு. மத்தியானம் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சின்னப் பெண் அவன் மகளே இல்லை அப்பா. பாதிப் படத்திலேயே அவன் வயிற்றில் குண்டு பட்டுவிடுகிறது. சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, லாரியில் கூட வரும் இன்னொருத்தியிடம், "குழந்தைகிட்ட சொல்லிடாத" என்கிறான். அந்த இடத்தில் நீ எனக்கு என்ன சொன்னாய்? "பசிக்குதாம், சோறு இருக்கான்னு கேக்குறான்." கடைசியில் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து செத்துப்போகிறான். அந்தச் சின்னப் பெண்ணிடம் யாரும் சொல்வதில்லை. கதவருகே நின்றுகொண்டே இருக்கிறாள்.

போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. படத்துக்காக இல்லை.

எட்டு வயதுப் பிள்ளையிடம் சொன்ன பொய், சரி. பதினைந்து வயதில்? நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தபோது நான் கேட்டேன். "வயித்துல கேஸ்மா. ஒண்ணுமில்ல" என்றாய். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. "வெயிட்டு கொறச்சிருக்கேன், ஹீரோ மாதிரி இல்ல?" என்றாய். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை உன் மெக்கானிக் கடையில் ஸ்பேனர் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாய். நீ போன பிறகுதான் அம்மா கையில் அகப்பட்டன. ஆறு மாதச் சீட்டுகள். வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்கு வரச்சொல்லி எழுதியிருந்தார்கள். ஏன் போகவில்லை? எங்களிடம் சொல்லியிருந்தால் இழுத்துக்கொண்டாவது போயிருக்க மாட்டோமா? யாரைக் காப்பாற்றினாய் நீ? பத்தாவது பாதியில் பள்ளிக்கூடப் பையை மூட்டை கட்டி வைத்தது நான்தானே?

இதோடு விட்டிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் அம்மா தலை வாரும்போது கையைத் தூக்க முடியாமல் முகம் சுளித்தாள். பார்த்தால், அக்குள் ஓரமாக நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"எத்தினி நாளா இருக்குது?"

"வேனக்கட்டிடி. பத்து போட்டா அமுங்கிடும்."

"எத்தினி நாளாம்மா?"

"பொங்கலுக்கு முன்னாடி வந்துச்சு. அதான் ஒண்ணுமில்லன்றேன் இல்ல?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. பஸ்ஸில் நம் ஸ்டாப் வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "அப்பாவும் இதையேதான் சொல்லிச்சு! செத்துப் போச்சு!"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உங்கப்பன் செத்ததுக்கு என்னிய ஏண்டி திட்டுற? கண்டக்டர்கிட்டயே வாய் தொறக்காதவ, டாக்டர்கிட்ட இன்னாத்த பேசுவ?"

"பேசுவேன்."

"அவங்க எதனா சொல்லிட்டாங்கன்னா?"

அம்மாவுக்குப் பயம். வேனக்கட்டி இல்லை என்று அவளுக்கும் தோன்றியிருக்கிறது. உனக்கும் இப்படித்தான் இருந்ததா அப்பா? பயமாக இருக்கிறது என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் உன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்?

நாளைக் காலை நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தையல் கடை அக்காவிடம் நானே லீவு கேட்டேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன கட்டி, என்ன பரிசோதனை, அடுத்து என்ன செய்ய வேண்டும். வாய் வராவிட்டால் தாளை நீட்டுவேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். அவர்கள் என்ன சொன்னாலும் அம்மாவுக்கு அப்படியே சொல்வேன். அவள் அழுதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். வரச்சொன்ன நாளுக்கெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். தனியாக ஒருநாளும் விடமாட்டேன்.

உன்னை மன்னிப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

உன்மேல் தீராத கோபத்திலிருக்கும் உன் ஒரே மகள்,
செல்வி