'ஒய்ஃப்' என்று இருந்த இடம்

8 ஜூலை 2002, திங்கள்
விடியலிலிருந்தே மழை. வானவடி வீட்டிலிருந்து பிம்ப்ரி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர ரெண்டு பஸ், ரெண்டும் லேட். சேலை ஓரமெல்லாம் சேறு.

பன்னிரண்டரைக்கு பேக்கிங் செக்‌ஷன் சுனிதா என் மேஜைக்கு ஓடி வந்தாள். வீட்டுக்காரருக்குக் குடல்வால் ஆபரேஷன், இன்றைக்கே செய்யணுமாம். கம்பெனி செலவை ஏற்கும் என்ற மருத்துவக் கடிதத்தைக் காட்டியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கவில்லை.

"மேடம், இதுல ஒய்ஃப், ரெண்டு குழந்தைன்னுதான் இருக்காம். புருஷனுக்கு இல்லையாம்."

ஜனவரியில் முதல்முறையாகப் பெண்களை வேலைக்கு எடுத்தபோது, ஆண்களுக்கான கடிதத்தை மாற்றியது நான்தான். ஸ்ரீ - ஸ்ரீமதி. ஹி - ஷி. ஹிஸ் - ஹர். கம்ப்யூட்டரே தேடி மாற்றியது. 'ஒய்ஃப்' என்ற வார்த்தையைத் தேடத் தோன்றவே இல்லை.

மேனேஜர் குல்கர்னி சாரிடம் போனேன். "ஹெட் ஆபீசைக் கேட்காம ஒரு எழுத்துகூட மாத்தாதே. வியாழக்கிழமை பார்க்கலாம்." சாப்பிடப் போய்விட்டார்.

'ஹஸ்பண்ட்' என்று மாற்றி அடித்தேன். 'மேனேஜருக்காக' என்று நானே கையெழுத்து, சீல். சுனிதா நனைந்துகொண்டே ஆட்டோ பிடித்தாள்.

வீட்டில் இவர், "கையெழுத்துப் போட உனக்கு அதிகாரம் இருக்கா?"
இல்லை.

9, செவ்வாய்
சுனிதாவின் நாத்தனார் போன். ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்துவிட்டார்.

பிறகுதான் சாரிடம் சொன்னேன். கடித நகலை வாங்கிப் படித்தார்.
"எத்தனை பேருக்கு இப்படிப் போயிருக்கு?"
"பதினாலு, சார்."
"எல்லாத்தையும் திரும்ப வாங்கு. புதுசுல நான் கையெழுத்துப் போடறேன். உனக்கு மெமோ வரும்."
சரி சார்.

இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. 'ஊழியர் இறந்தால் விடோவுக்கு' என்று இன்னொன்றும் இருந்தது. கடவுளே.

11, வியாழன்
மழை விடவில்லை. மெமோ வந்தது. பையில் வைத்துவிட்டேன், இன்னும் முழுசாகப் படிக்கவில்லை.

கடைசியாக மங்கல் வந்தாள், கேன்டீனில் வேலை. பழைய கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல். புதியதை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஹஸ்பண்ட்னு போட்டிருக்கீங்களே?"
"ஆமா, இனிமே அவருக்கும் உண்டு."
"மார்ச்ல ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன் மேடம். கிடையாதுன்னாங்க. அதுதான் ரூல்னு நினைச்சுத் திரும்பிட்டேன்." காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "அந்த வார்த்தையை எடுத்துடுங்க. ஏப்ரல்ல அவர் போயிட்டார்."

எடுத்தேன். பிரிண்டர் ஓடி முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.